செல்வலட்சுமி நற்பணி மன்றம்

பாளையம்பட்டி முக்கில் இருக்கும் வீரபத்திரனின் பிளெக்ஸ் கடைக்கு ரேணுகாதேவி முதன்முதலாக வந்தபோது, செல்வலட்சுமி ஒரு பூப்புனித நீராட்டு விழா பேனரில் தாய்மாமனின் மீசையைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தாள். மீசை கறுத்தால் தலைமுடியும் கறுக்க வேண்டும். தலைமுடி கறுத்தால் முகத்துச் சுருக்கம் உறுத்தும். சுருக்கத்தை எடுத்துவிட்டால் பக்கத்தில் நிற்கும் அத்தை அவருக்கு அம்மா மாதிரி ஆகிவிடுவாள். இப்படி ஒன்றைத் தொட்டு ஒன்றாக ஒரு குடும்பத்தையே இளமையாக்கிக்கொண்டிருந்தவளின் தோளுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால், ஒட்ட வெட்டிய நரைத்த தலையும் தொளதொளத்த கால்சட்டையுமாக ஒரு பெண். நாற்பதைத் தாண்டியிருக்கும். அத்தையை அப்படியே விட்டுவிடும்படியும், அந்தக் குடும்பத்தில் ஒருத்தராவது நிஜமாக இருக்கட்டும் என்றும் அந்தப் பெண் சொன்னார். செல்வலட்சுமியின் கை தானாக நின்றுவிட்டது. அத்தை சுருக்கத்தோடேயே அச்சுக்குப் போனாள்.

ரேணுகாதேவி அருப்புக்கோட்டைக்காரர்தான். வீட்டில் கன்னடம் பேசும் நெசவுக் குடும்பம். சென்னையில் கலைக் கல்லூரியில் படித்து, கொச்சி, பெர்லின் என்று ஊர் ஊராகப் போய்க் கண்காட்சி வைத்துவிட்டு, இப்போது அப்பாவின் பழைய வீட்டு மாடியில் வந்து இருந்தார். அவர் ஓவியர் என்று கேள்விப்பட்டதும் வீரபத்திரன் தன் கடைக்கு ஒரு சரஸ்வதி வரைந்து தர முடியுமா என்று கேட்டார். தான் படம் வரைவதில்லை என்றார் ரேணுகாதேவி. அப்புறம் என்னதான் செய்வீர்கள் என்றதற்கு, "யோசிப்பேன் அண்ணாச்சி. அதை நீங்க அடிச்சுக் குடுப்பீங்க. பாக்குறவுக மிச்சத்தப் பாத்துக்கிருவாக" என்றார். வீரபத்திரன் செல்வலட்சுமியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். தினமும் நாலு கிறுக்கர்கள் வந்து போகும் கடைதான் அது. ஒன்று கூடினால் என்ன என்பது அதற்கு அர்த்தம்.

அன்றைக்கு அவர் அடிக்கச் சொன்னது ஒரே ஒரு வரி. 'எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை.' ஜவுளிக்கடைக்கும் அல்வாக் கடைக்கும் செல்வலட்சுமி எத்தனையோ முறை அடித்துக் கொடுத்த வரி. அதனால் கடை பெயர் என்ன என்று கேட்டாள். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மஞ்சளில் சிவப்பு எழுத்து, எழுத்துக்கு வெள்ளைக் கரை, கரைக்கு ஒரு நிழல். செல்வலட்சுமி கொஞ்சம் அடக்கமாக, அழகாகச் செய்து காட்டியபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் கண்ணைக் குத்த வேண்டும், ஓடுகிற பஸ்ஸில் இருப்பவர் கழுத்தைத் திருப்ப வேண்டும் என்றார். தன் வேலையில் இருக்கும் அசிங்கத்தை இவ்வளவு மரியாதையோடு கேட்டு வாங்குகிற ஒருவரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் தன் ஊரான எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போதுதான் அந்தப் போர்டைப் பார்த்தாள். ரோட்டை அகலப்படுத்தும்போது இரண்டு பக்கமும் இருந்த மரங்களையெல்லாம் வெட்டிவிட, எப்படியோ தப்பிய ஒரே ஒரு வேப்பமரம் வெட்டவெளியில் நின்றது. அதன் இடுப்பில் அந்தப் போர்டு கட்டியிருந்தது. ஒரு நிமிஷம் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பிறகு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. சிரித்து முடிப்பதற்குள், இரண்டு பக்கமும் மொட்டையாகக் கிடந்த ரோடு கண்ணில் பட்டு, சிரிப்பு பாதியில் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான ஒரு பெண் என்ன தாயி என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள். தான் இப்படிச் சத்தமாகச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று கடைக்கு வந்து சேரும் வரை யோசித்துக்கொண்டே வந்தாள்.

அவள் சிரிக்காமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. விளாத்திகுளம் பக்கம் முனீஸ்வரனுக்கு வாக்கப்பட்டுப் போய், ஒரு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள் அவள். முனீஸ்வரன் குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான். வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவான். காரணம் கேட்டால், காலம் கெட்டுக் கிடக்கிறது, உன் நல்லதுக்குத்தான் என்பான். ஒருநாள் பக்கத்து வீட்டு வைக்கோல் படப்பில் தீப்பிடித்து, காற்று அவர்கள் வீட்டுப் பக்கம் திரும்பியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் கத்தினாள். அடுத்த வீட்டுத் தங்கம்மாள் அம்மிக் குழவியைத் தூக்கி வந்து பூட்டை உடைத்து அவளை வெளியே இழுத்துவிட்டாள். அன்றைக்குக் கட்டிய சேலையோடு பஸ் ஏறி வந்தவள்தான். அப்பா பூமிநாதன் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, இந்தப் பூட்டு விஷயம் வெளியே தெரிய வேண்டாம் தாயி, தெரிந்தால் இரண்டு குடும்பத்துக்கும் அசிங்கம் என்றார். ஊரில் கேட்டவர்களிடம் மகள் லீவுக்கு வந்திருப்பதாகச் சொன்னார். லீவு மாதக்கணக்கில் நீண்டுகொண்டே போனது. சும்மா இருக்க முடியாமல், கல்யாணத்துக்கு முன் பார்த்த பிளெக்ஸ் கடை வேலைக்கே அவள் மறுபடியும் போய்வர ஆரம்பித்தாள். ஆட்டோவில், கடையில், கோயிலில் யார் பார்த்தாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். எப்ப வந்தே, எப்பப் போறே? முதல் கேள்விக்குப் பொய்யும் இரண்டாவது கேள்விக்குச் சிரிப்பும் பதிலாகச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துப்போயிருந்தது.

ரேணுகாதேவி அடிக்கடி வர ஆரம்பித்தார். அடுத்து கண்மாய்க்கு ஒரு போர்டு. பல வருஷமாகத் தண்ணீரைப் பார்க்காமல் வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள், சீமைக்கருவேலம் புதர்களுக்கு நடுவே, 'எச்சரிக்கை! ஆழமான பகுதி. குழந்தைகளைத் தனியாக இறங்க விடாதீர்கள்' என்று பொதுப்பணித்துறை பாணியிலேயே நட்டுவைத்தார். பக்கத்து மரக்கிளையில் கப்பலில் தொங்குவது மாதிரி ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிதவை வளையம் வேறு. ஆடு மேய்க்கிறவர்கள் முதல்நாள் சிரித்தார்கள். கரையில் அவர்களோடு உட்கார்ந்து அவரும் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் பூமிநாதன் வந்தார். பருத்தி போட்டுக் கருகிப்போன வருஷம் அது. எங்க வயித்தெரிச்சல் ஒனக்கு வெளையாட்டா என்று அவர் வாய்க்கு வந்தபடி பேசினார். ரேணுகாதேவி எல்லாம் கேட்டுவிட்டு, தண்ணீர் கிடந்த காலத்தில் அவர் எங்கே குதிப்பார் என்று மட்டும் கேட்டிருக்கிறார். கோபத்தில் இருந்த மனிதர், யோசிக்காமல் மடைக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைக் கை காட்டிவிட்டார். காட்டிய பிறகு தன் கையைத் தானே பார்த்துவிட்டு, விறுவிறுவென்று நடந்து போய்விட்டார். மறுநாள் பார்த்தால் போர்டும் வளையமும் அந்த இடத்துக்கு மாறியிருந்தன. வீட்டில் அவர், அந்தப் பொம்பளை ஒரு கிறுக்கி என்று மட்டும் சொன்னார். ஆனால் சாயங்காலங்களில் அவர் கண்மாய்க் கரை வழியாகச் சுற்றிக்கொண்டு வருவதை அம்மா கருத்தம்மாள் கவனித்துச் சொன்னாள்.

செல்வலட்சுமிக்கு மிகவும் பிடித்தது பெத்தம்மாளின் பேனர்தான். கடைக்கு எதிரே பணியாரம் சுட்டு விற்கும் பெத்தம்மாளை, அவளுக்குத் தெரியாமல் ரேணுகாதேவி படமெடுத்து வந்தார். தலைவர்களுக்கு வைப்பது மாதிரி பின்னால் சூரியக் கதிர், கீழே தாமரைக் குளம், ஓரத்தில் பாயும் சிங்கம். 'இன்றும் வழக்கம்போல் அடுப்புப் பற்றவைத்த பெத்தம்மாளை வாழ்த்தி மகிழ்கிறோம்.' பெத்தம்மாள் முதலில் கரண்டியோடு சண்டைக்கு வந்தாள். செத்தவர்களுக்குத்தான் இவ்வளவு பெரிதாகப் படம் வைப்பார்கள் என்பது அவள் நியாயம். படித்துக் காட்டியதும் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, தன் படத்தின் நெற்றியில் தானே ஒரு பொட்டு வைத்துவிட்டு இறங்கினாள். இப்படி ஒரு காட்சியை உண்டாக்க ஒருத்தருக்கு என்ன மாதிரி மூளை வேண்டும் என்று செல்வலட்சுமி வியந்தாள். பிளெக்ஸ் கடைக்கு வரும் எல்லோரும் தங்களைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார்கள். இவர் ஒருத்தர்தான் மற்றவர்களைப் பெரிதாக்குவதற்காக வந்தார். அதையும் விளையாட்டாகச் செய்தார். யாருக்கும் நல்லது செய்கிற முகத்தை வைத்துக்கொள்ளவில்லை.

அந்தத் தைரியத்தில்தான் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பூட்டுக் கதையை அவரிடம் சொன்னாள். வெளியாளிடம் அவள் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. ஐயோ பாவம் என்பாரோ, போலீஸுக்குப் போகலாம் என்பாரோ என்று எதிர்பார்த்தாள். ரேணுகாதேவி தயிர்ச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்தத் தங்கம்மாளுக்கு யாராச்சும் பேனர் வச்சாகளா செல்வி?"

செல்வலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. குழவியோடு தங்கம்மாள், பின்னால் சூரியக் கதிர், ஓரத்தில் பாயும் சிங்கம். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழத் தொடங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் தண்ணீர்ப் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டுத் தன் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தார்.

ஆடி பிறந்த வாரத்தில் முனீஸ்வரன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களோடு வருகிறோம், பேசி முடித்துக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். இனிமேல் பூட்ட மாட்டான் என்று அவனுடைய பெரியப்பா பொறுப்பேற்றிருக்கிறாராம். ராத்திரிச் சாப்பாட்டின்போது பூமிநாதன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எத்தன நாளைக்குத் தாயி நானும் லீவுன்னே சொல்லிக்கிட்டு இருப்பேன்?"

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். அதில் களைப்புதான் இருந்தது. தன்னால் அப்பாவும் ஊருக்குள் ஒளிந்து நடமாடிக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் ஒளிந்துகொள்ள இருந்தது லீவு என்ற அந்த ஒரு சொல்தான். அதைத் தேய்த்துத் தேய்த்துச் சல்லடையாக்கிவிட்டார்.

சனிக்கிழமை கடைக்குப் போனதும் அவள் புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்தாள். வந்திருந்த வேலைகளையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டாள். அரசியல் கட்சிக்காரர்கள் கேட்கிற எல்லாவற்றையும் அதில் போட்டாள். மேலே பெரிதாக 'வருக! வருக!' அதற்குக் கீழே கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தன் இப்போதைய படம். 'எம்.ரெட்டியபட்டியில் நிரந்தரமாகத் தங்க வருகை தந்திருக்கும் எங்கள் செல்வலட்சுமியை வாழ்த்தி வரவேற்கிறோம்.' அடியில், தொண்டர்களின் தலைகள் வரிசையாக வட்ட வட்டமாக வரும் இடத்தில், வேறு யாரையும் அவள் வைக்கவில்லை. முன்பல் விழுந்த செல்வலட்சுமி, ரெட்டைச் சடை செல்வலட்சுமி, பத்தாவது ஹால் டிக்கெட்டில் முறைத்துக்கொண்டிருக்கும் செல்வலட்சுமி, கல்லூரிச் சுற்றுலாவில் கண்ணை மூடிய செல்வலட்சுமி, மாலையும் கழுத்துமாகக் கல்யாணக் கோலத்தில் செல்வலட்சுமி. அதற்கடுத்த வருஷத்துக்கு அவளிடம் படம் எதுவும் இல்லை. இருக்கிற வட்டங்களை நெருக்கி அந்த இடத்தை மூடிவிடலாமா என்று பார்த்தாள். பிறகு அந்த வட்டத்தைக் கறுப்பாகவே விட்டாள். கடைசியில், 'இவண்: செல்வலட்சுமி நற்பணி மன்றம்.'

வீரபத்திரன் பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. அவருக்கும் அவள் லீவில் வந்தவள் என்றுதான் தெரியும். அவர் திரையை மேலிருந்து கீழே படித்தார். அவர் கண் கறுப்பு வட்டத்தில் வந்து நின்றது. பிறகு மிஷின் பக்கம் போய்ப் புது ரோலை மாட்டினார். ஆடிக் காற்று சும்மா விடாது, நல்ல ரீப்பர்க் கட்டையாகப் பார்த்துச் சட்டம் அடிக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாயங்காலம் வந்த ரேணுகாதேவி, காய்ந்துகொண்டிருந்த பேனருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எதைப் பார்த்தாலும் முதலில் சிரிக்கிறவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அவர் கழுத்தில் தொங்கிய கேமராவைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்.

"இது என் கணக்குல வராது செல்வி. ஒன்னோட வேலை இது. நான் கயிறு கட்ட வாரேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாக எம்.ரெட்டியபட்டி பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேரும் பேனரைக் கட்டினார்கள். முதல் பஸ் வருவதற்குள் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் வந்து கூடிவிட்டார்கள். ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள். ஒரு கிழவர், எலெக்சன் வருதா என்றார். பல் விழுந்த படத்தைப் பார்த்து, இது நம்ம பூமிநாதன் மகளுல்ல என்று ஒரு பெண் அடையாளம் சொன்னாள். 'நிரந்தரமாக' என்ற சொல்லுக்கு வந்ததும் பேச்சு குறைந்தது. அந்த நேரத்தில்தான் டீ குடிக்க வந்த பூமிநாதன் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். செல்வலட்சுமி அவரைப் பார்த்தாள். கயிற்றைப் பிடித்திருந்த ரேணுகாதேவி அவளைத் தொடவுமில்லை, தேற்றவுமில்லை. கயிற்றின் இன்னொரு நுனியை எடுத்து அவள் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

கூட்டத்தில் யாரோ பூமிநாதனிடமே கேட்டுவிட்டார்கள். எல்லா வட்டத்திலும் படம் இருக்கிறதே, இந்த ஒன்று மட்டும் ஏன் கறுப்பாக இருக்கிறது, அச்சுப் பிழையா என்று. பூமிநாதன் வாயைத் திறந்து மூடினார். லீவு என்கிற சொல் அந்த இடத்தில் செல்லாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அதுலயும் நான்தான் இருக்கேன்" என்றாள் செல்வலட்சுமி. "வெளிய பூட்டியிருந்தாக. அதான் தெரியல."

முதல் பஸ் வந்து நின்று, யாரும் ஏறாததால் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டுப் போனது. உரக்கப் படித்துக்கொண்டிருந்தவர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். பூமிநாதன் டீ குடிக்காமலேயே திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தார். அவர் நடையை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. தான் அவரை ஊர் நடுவில் நிறுத்தி அவமானப்படுத்திவிட்டோமோ என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தபோது அவர் குளித்து வெள்ளை வேட்டி கட்டி, வருகிறவர்களுக்காக வாசலில் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறிய பிறகு அவர்கள் கார் வந்தது. முனீஸ்வரன் கடைசியாக இறங்கினான். அவன் காதெல்லாம் சிவந்திருந்தது. பெரியப்பா மோர் குடித்துவிட்டு ஏற்கெனவே தயார் செய்து வந்திருந்ததைப் பேசினார். சின்னஞ்சிறுசுகள், சேர்ந்திருந்தால் சரியாகப் போகும், ஊரில் எந்த வீட்டில் சண்டை இல்லை என்றார். வழியில் பார்த்ததைப் பற்றி அவர்களில் ஒருவரும் பேசவில்லை. பார்த்துவிட்டார்கள் என்பது எல்லோருடைய முகத்திலும் இருந்தது. கருத்தம்மாள் சமையற்கட்டு வாசலில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் சொல்லி முடித்து, நீங்க முடிவா என்ன சொல்றீக என்று பெரியப்பா கேட்டார். பூமிநாதன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதான் வர்ற வழியில போர்டு போட்டிருக்கே" என்றார். "நீங்க படிக்கலையா?"

அதன் பிறகு பேசுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பெரியப்பா ஏதேதோ சொல்லிப் பார்த்தார். பூமிநாதன் அதையே இன்னொரு தரம் சொன்னார், இந்தத் தரம் மெதுவாக. கார் கிளம்பிப் போனதும் அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, பருத்திக் காட்டைப் பார்க்கப் போய்விட்டார். இனி என்னவாகும், கோர்ட்டா கேஸா, நாளைக்கே இவர் மனசு மாறுமா என்றெல்லாம் செல்வலட்சுமிக்குத் தெரியாது. ஆனால் அன்று மத்தியானம் அவள் பாயை விரித்து, கதவை ஆவென்று திறந்து போட்டுவிட்டு, சாயங்காலம் வரை தூங்கினாள்.

திங்கட்கிழமை கடையில் வேலை குவிந்து கிடந்தது. காதுகுத்து, கடைத் திறப்பு, ஒரு கண்ணீர் அஞ்சலி. பதினோரு மணிவாக்கில் வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்து பார்த்தாள். அம்மா நின்றுகொண்டிருந்தாள். மகள் வேலை பார்க்கும் இடத்துக்கு அவள் அதுவரை வந்ததில்லை. தனியாக ஆட்டோ ஏறியதும் இல்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். வேண்டாம்மா, போட்டுக்கிட்டே வா என்றாலும் கேட்கவில்லை. ஏசிக் குளிரில் ஒருமுறை தோளைச் சுருக்கிக்கொண்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தாள். செல்வலட்சுமி அதைப் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு பெண்பிள்ளை ஒரு காலைத் தூக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. பாவாடை முழங்காலுக்கு மேல் ஏறியிருக்கிறது. வாய் பிளந்திருக்கிறது. எதன் மேலும் கவனமில்லை. தண்ணீர் பட்டு ஓரம் உப்பி, முகத்தில் பாதி அழிந்திருந்தது.

"நாந்தான். மூஞ்சி சரியாத் தெரியல" என்றாள் கருத்தம்மாள். "இத வச்சு ஏதாச்சும் பண்ண முடியுமா?"

செல்வலட்சுமி எழுந்து அம்மாவைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். படத்தை ஸ்கேனரின் கண்ணாடிமேல் குப்புற வைத்து, சரியாக மூடாத அதன் மூடியைக் கையால் அழுத்தினாள். வெள்ளை வெளிச்சம் ஒரு முனையிலிருந்து கிளம்பி, இடுக்கு வழியாக வெளியே கசிந்து, குனிந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கருத்தம்மாளின் முகத்தில் தாடையிலிருந்து நெற்றிவரை மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.